இது யாருது?

“மை ஃபாதர் நேம் ஈஸ் குமார்.” ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம், உங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள் என்றால் இரண்டாவது வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அடுத்த வரி “மை மதர் நேம்”, அதற்கடுத்தது “மை ஸ்கூல் நேம்”. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய கிராமங்களில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக என் வேலைநாட்களை இந்த வரிகளோடு கழித்திருக்கிறேன். “ஃபாதர்” என்ற சொல்லுக்குப் பின்னால் வரவேண்டிய எஸ் இருக்காது. அந்த எஸ்ஸுக்கு முன்னால் மேலே நிற்க வேண்டிய சின்னக் குறியும் இருக்காது. பாடப்புத்தகம் அதை அப்பாஸ்ட்ரஃபி என்கிறது. பிள்ளைகள் வாயில் அது மேல்கமா.

இலக்கணத்தில் எத்தனையோ பெரிய சங்கதிகள் இருக்க, இந்த ஒரு கீற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுத வேண்டும் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு எதையும் எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் குறிதான். குறியை நேரடியாகச் சொல்லித்தந்தால் நிற்காது. அந்தக் குறி எந்தக் கேள்விக்குப் பதிலோ, அந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால் குறி தன்னால் வந்து நிற்கும். எனக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான். ஆனால் அது கைக்கு வர நாளாயிற்று.

முதலில், பிள்ளை ஏன் அதை விடுகிறது? கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையில் சுழித்துவிடுவது சுலபம். நான் பார்த்தவரை அது கவனக்குறைவே இல்லை. நாம் தமிழில் எப்படிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். “அப்பா பேரு குமார்.” “பாட்டி வீடு காரமடையில இருக்குது.” “மாமா வண்டி ரிப்பேர்.” அப்பாவுக்கும் பேருக்கும் நடுவில் நாம் எதையும் வைப்பதில்லை. அப்பாவுடைய பேர், பாட்டியினுடைய வீடு என்று நீட்டி முழக்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. இரண்டு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முன்னது பின்னதற்கு உரியது என்று தமிழ்க் காதுக்குப் புரிந்துவிடும். வேற்றுமைத் தொகை என்று இலக்கணத்தில் படித்தோமே, அது ஏட்டுச் சங்கதி அல்ல. அடுப்படியில் புழங்குகிற பேச்சு. “மை ஃபாதர் நேம்” என்று எழுதுகிற பிள்ளை தன் தாய்மொழியின் இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றுகிறது. ஆங்கிலம் அதை ஏற்காது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியாது.

அதனால் “தப்பு” என்று தொடங்குவதற்குப் பதிலாக, “நீ தமிழில் சொன்னது சரி, ஆங்கிலத்தில் நடுவில் ஒன்று வேண்டும்” என்று தொடங்குகிறேன். கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும், இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று.

அந்த முகம் எனக்குப் பழக்கமானது. நான் தமிழ் வழியில் படித்தவள். என் வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது. கல்லூரிக்குப் போனபோது ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் உள்ளங்கை வேர்க்கும். என்னைச் சுற்றி இருந்தவர்கள் யாரும் என்னை இழிவாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு புள்ளி இடம் மாறினாலும் “இவள் எங்கிருந்து வந்தவள்” என்பது தெரிந்துவிடும் என்ற பயம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அந்தப் பயம் படிப்பைக் கெடுக்கிறது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வகுப்பில் ஒரு பெண் மேல்கமாவைச் சரியாக எஸ் எழுத்தின் உச்சந்தலையில் வைப்பாள். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முன்னால் இருக்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பதாகவும், பின்னால் என்றால் பின்னால் இருப்பதாகவும் டீச்சர் எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அவள் நோட்டைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பிள்ளைக்கு விதி தெரியும். விதியின் மேல் நம்பிக்கை இல்லை. தான் தேர்ந்தெடுத்தால் தப்பாகிவிடும் என்ற அச்சம் அந்த ஒரு கீற்றில் தெரிந்தது. பயமில்லாமல் குறி வைக்கிற பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்ற தீவிரம் எனக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தக் குறியில் இன்னொரு சிக்கல் உண்டு. காதுக்கு அது கேட்காது. ஒரு பையனுடைய என்பதற்கு “பாய்’ஸ்”. பல பையன்களுடைய என்பதற்கு “பாய்ஸ்’ ”. வெறுமனே பையன்கள் என்றால் “பாய்ஸ்”. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரே ஒலிதான். தமிழ் எழுத்தைப் பழகிய பிள்ளை காதில் விழுவதை எழுதப் பழகியது. டிக்டேஷன் சொல்லிச் சொல்லி இதைக் கற்பிக்க முடியாது. எத்தனை முறை சொன்னாலும் காதுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. இந்தக் குறி முழுக்க முழுக்கப் பொருளுக்கானது. யார் உரியவர், ஒருவரா பலரா என்பது எழுதுகிறவர் மனதில் தெளிவாக இருந்தால்தான் கை சரியான இடத்துக்குப் போகும்.

ஆகவே என் பாடம் மேசையில் தொடங்கும். பிள்ளைகளின் பொருள்களை வாங்கி மேசைமேல் பரப்பி வைப்பேன். ஒரு ஜாமிட்ரி பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ரிப்பன், ஒரு செருப்பு. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி “இது யாருது?” என்பேன். “மாலாளுதுங் டீச்சர்”, “என்னுதுங்”, “அது எங்கக்காளுதுங்” என்று நாலா பக்கமும் குரல் வரும். கவனித்தால் அந்த “து”வில்தான் ஆறாம் வேற்றுமை உட்கார்ந்திருக்கிறது. எனது, உனது என்று செய்யுளில் வரும் “அது” உருபை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்லாமல் “மாலாளுது” என்று மட்டும் சொன்னால் தமிழில் “து” இல்லாமல் முடியாது. இங்கேதான் ஆங்கிலத்துக்குப் பாலம் போட இடம் கிடைத்தது. “மாலாளுது” என்பதை ஆங்கிலத்தில் “மாலா’ஸ்” என்று எழுதிக் காட்டுவேன். அந்த “து” இருக்கிற இடத்தில் இந்த மேல்கமா எஸ். தமிழில் “மாலா பாக்ஸ்” என்று சொல்லும்போது நாம் “து”வை விழுங்கிவிடுகிறோம். ஆங்கிலம் அதை ஒருபோதும் விழுங்காது. இவ்வளவு சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து எழுதுவது. இதற்கு நான் ஒரே ஒரு வழிமுறையைத்தான் தருகிறேன். முதலில் உரியவரின் பெயரை முழுதாக எழுதி அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போடு. கட்டத்துக்கு வெளியே, வலப்பக்க மூலையில் மேல்கமா வை. பிறகு எஸ் எழுது. கட்டத்துக்குள் இருக்கும் சொல்லே எஸ்ஸில் முடிகிற பன்மையாக இருந்தால், மேல்கமாவோடு நிறுத்திக்கொள். மாலா என்று எழுதிக் கட்டம் போட்டால் “மாலா’ஸ்”. பையன்கள் எல்லோருக்கும் உரியதென்றால் “பாய்ஸ்” என்று முழுதாக எழுதிக் கட்டம் போட வேண்டும். குறி தானாக எஸ்ஸுக்குப் பின்னால் போய்விடும். குழந்தைகளுடையது என்றால் “சில்ட்ரன்” என்று எழுதிக் கட்டம் போடு, அதில் எஸ் இல்லை, ஆகவே “சில்ட்ரன்’ஸ்”. ஒருமைக்கு ஒரு விதி, பன்மைக்கு ஒரு விதி, விதிவிலக்குக்கு ஒரு விதி என்று மூன்றாகப் பிரித்து மனப்பாடம் செய்ய வைத்தால் மூன்றும் தேர்வறையில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கட்டம் போடப் பழகிய பிள்ளைக்கு விதி ஒன்றுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க நம் நாட்காட்டியே உதவும். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். ஆசிரியர்கள் எல்லோருக்கும் உரிய நாள். எனவே “டீச்சர்ஸ்’ டே”, குறி எஸ்ஸுக்குப் பின்னால். நவம்பர் 14 குழந்தைகள் தினம். “சில்ட்ரன்’ஸ் டே”, குறி எஸ்ஸுக்கு முன்னால். மார்ச் 8 மகளிர் தினம், “விமன்’ஸ் டே”. வருடா வருடம் இந்த நாட்களுக்குப் பிள்ளைகள்தான் சார்ட் எழுதிக் கலர் சாக்பீஸால் போர்டை அலங்கரிக்கிறார்கள். அலங்காரத்துக்கு முன்னால் கட்டம் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒரு வருடம் டீச்சர்ஸ் டே போர்டில் குறியை எங்கே வைப்பது என்று ஏழாம் வகுப்பில் பெரிய வாக்குவாதம். ஒரு பையன் “நம்ம ஸ்கூல்ல டீச்சருங்க எத்தன பேரு? ஒருத்தரா?” என்று கேட்டு முடித்துவைத்தான். விதியைச் சொல்லாமல் ஆட்களை எண்ணச் சொன்னானே, அதற்கு மேல் ஓர் ஆசிரியைக்கு என்ன வேண்டும்?

எண்ணும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பையனுக்கு மூன்று புத்தகங்கள் இருந்தால் பிள்ளைகள் பலர் குறியை எஸ்ஸுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். புத்தகம் பலவாயிற்றே என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலம் புத்தகங்களை எண்ணுவதில்லை, உரியவர்களை எண்ணுகிறது. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு நன்னூல் ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஆறாம் வேற்றுமைக்கு மூன்று உருபுகள்: உடைமைப் பொருள் ஒன்றானால் அது, ஆது, பலவானால் அ. எனது கை, ஆனால் என கைகள். பழந்தமிழில் உருபு எண்ணியது உடைமையை. ஆங்கிலக் குறி எண்ணுவது உடையவரை. பிள்ளையின் கணக்கு ஒரு மொழியில் செல்லுபடியாகிற கணக்குத்தான், மொழிதான் வேறு. இதை நான் வகுப்பில் நன்னூல் பெயரைச் சொல்லி நடத்துவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருப்பதால் பொறுமை வருகிறது. “ஆளை எண்ணு, பொருளை எண்ணாதே” என்று மட்டும் சொல்லி, ஒரு பையனைப் பல புத்தகங்களோடும், பல பையன்களை ஒரே புத்தகத்தோடும் வகுப்பின் முன்னால் நிற்கவைப்பேன். கண்ணால் பார்த்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

குன்னூர் எங்களுக்குப் பக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்விடலாம். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது, பலகைகளை வாசித்துக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். குன்னூரில் அந்தக் குறிக்குப் பஞ்சமே இல்லை. சிம்’ஸ் பார்க், லேம்ப்’ஸ் ராக், டால்ஃபின்’ஸ் நோஸ், லேடி கேனிங்’ஸ் சீட். எந்த ஊர்ப் புத்தகமும் இப்படி ஒரு பயிற்சியைத் தந்ததில்லை.

பூங்கா வாசலில் ஒரு பையன், “டீச்சர், சிம் கார்டு விக்கிற எடமுங்களா?” என்றான். இன்னொரு பெண் லேம்ப்’ஸ் ராக் என்ற பெயரைக் கேட்டதும், லேம்ப் என்றால் ஆட்டுக்குட்டி என்று ரைம்ஸில் படித்ததை வைத்து, பாறை ஆட்டுக்குட்டி மாதிரி இருக்குமா என்று கேட்டாள். இரண்டுமே அருமையான கேள்விகள். சிம் என்பவர் ஜே.டி.சிம், அந்நாளைய சென்னை அரசாங்கத்தின் செயலாளர். 1874இல் பூங்கா உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். லேம்ப் என்பவர் பாறைக்குப் போகப் பாதை அமைக்க முயன்ற ஒரு கேப்டன். கேனிங் சீமாட்டி வைஸ்ராய் கேனிங் பிரபுவின் மனைவி. இப்படி ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

டால்ஃபின்’ஸ் நோஸ் பாறைமேல் நின்று எதிரே கேத்தரின் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: “மூக்கு டால்ஃபினோடதுங். சரி. பார்க்கு எப்படிங் சிம்முது ஆகும்? அவரு வாங்கினாருங்களா?”

வாங்கவில்லை. அவள் தொட்டது நம் இலக்கணக்காரர்கள் பிரித்துவைத்த இடம். மூக்கு டால்ஃபினின் உறுப்பு, பிரிக்க முடியாதது, தற்கிழமை. பூங்கா சிம்மிடமிருந்து வேறானது, பெயரால் அவரோடு சேர்ந்தது, பிறிதின்கிழமை. அந்தக் குறி “சொந்தம்” என்ற ஒன்றை மட்டும் சொல்வதில்லை. உறுப்பு, உறவு, பெயர், ஒருவருக்கென்று ஒதுக்கியது என எல்லாவற்றுக்கும் அதுவேதான். அம்மா நமக்குச் சொத்து இல்லை. ஆனாலும் மாலாவுடைய அம்மா “மாலா’ஸ் மதர்”. ஆகவே அதற்குப் பிறகு “யாருக்குச் சொந்தம்” என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். “யாருது” என்பதே போதும். அதில் எல்லாம் அடங்கும்.

சென்னைக்குப் போன பிள்ளைகள் பாரிஸ் கார்னரைப் பற்றிக் கேட்பார்கள். பிரான்ஸ் நாட்டுப் பாரிஸ் என்று நினைத்திருந்தவர்கள் உண்டு. 1788இல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரால் வந்த மூலை அது, “பாரி’ஸ் கார்னர்”. அதையே நாம் பாரிமுனை என்கிறோம். ஆங்கிலம் குறியோடு எஸ்ஸையும் சேர்த்தது. தமிழ் ஒன்றுமே சேர்க்காமல் பாரிக்குப் பக்கத்தில் முனையை வைத்துவிட்டது. “மை ஃபாதர் நேம்” எழுதுகிற பிள்ளைக்கு இரண்டு மொழிகளும் எப்படி நடக்கின்றன என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குறியைக் கற்றபின் வரும் கட்டம் ஒன்று உண்டு. பிள்ளைகள் கண்ட இடமெல்லாம் அதை வைக்கத் தொடங்குவார்கள். மாம்பழங்கள் என்றால் “மேங்கோ’ஸ்”, பஸ்கள் என்றாலும் ஒரு மேல்கமா. கடைத்தெருப் பலகைகளும் இதற்குத் துணைபோகின்றன. வெறும் பன்மைக்கு மேல்கமா போட்ட பலகை இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. இந்தக் கட்டத்தில் பல ஆசிரியர்கள் சோர்ந்துபோவார்கள். நான் சந்தோஷப்படுகிறேன். குறி பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றே: “மாம்பழத்துது எது?” என்று கேட்பது. மாம்பழத்துக்கு உரியதாக எதுவும் அடுத்து வரவில்லை என்றால் குறிக்கு அங்கே வேலையில்லை. பிள்ளையே அழித்துவிடும்.

எல்லாவற்றிலும் கடினம் “இட்ஸ்”. “இட் ஈஸ்” என்பதைச் சுருக்கி எழுதும்போது மேல்கமா உண்டு. “அதனுடைய” என்று வரும்போது கிடையாது. உடைமைக்குத்தானே குறி என்று சொல்லித்தந்தோம், இங்கே மட்டும் ஏன் இல்லை என்று பிள்ளைகள் நியாயமாகவே கேட்பார்கள். இதற்கும் தமிழிலேயே வழி இருக்கிறது. நான் என்பது உடைமையில் என் ஆகிறது. நீ என்பது உன். நாம் என்பது நம். என் வீடு, உன் பேனா. சொல்லே உருமாறி நின்றுவிடுவதால் அதற்குமேல் ஒட்டு எதுவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் மை, யுவர், ஹிஸ், ஹெர், அவர், தேர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒன்றிலும் குறி இல்லை. “இட்ஸ்” அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஹிஸ் என்பதில் குறி வைக்க யாருக்கும் தோன்றாதபோது இதில் மட்டும் எதற்கு? இப்படிக் குடும்பத்தோடு சேர்த்துக் காட்டிய பிறகு குழப்பம் வெகுவாகக் குறைந்ததைக் கண்கூடாகப் பார்த்தேன்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் இன்னும் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்தக் குறி எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமை ஒட்டு “எஸ்” என்ற முழு அசையாகவே இருந்தது. கல் என்பது ஸ்டான்; கல்லினுடைய என்பது ஸ்டானெஸ். காலப்போக்கில் நடுவிலிருந்த உயிரொலி தேய்ந்து, எஸ் என்ற மெய் மட்டும் மிஞ்சியது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கைப் பார்த்து, எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்ட ஆங்கிலேயர் இந்தக் கீற்றைப் போடத் தொடங்கினார்கள். உடைமைக்கு அது நிலைத்தது 17ஆம் நூற்றாண்டில். பன்மை உடைமைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் படிந்தது 18ஆம் நூற்றாண்டில். விழுந்துபோன ஓர் எழுத்துக்கு நட்ட நடுகல் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். எங்கள் பக்கத்தில் நடுகற்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலம் பிறந்த நாட்டிலேயே இதில் ஒற்றுமை இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். லண்டன் பாதாள ரயிலில் பிக்கடில்லி தடத்தில் ஏர்ல்’ஸ் கோர்ட்டும் பேரன்ஸ் கோர்ட்டும் அடுத்தடுத்த நிலையங்கள். முதலாவதில் குறி உண்டு, இரண்டாவதில் இல்லை. பர்மிங்ஹாம் நகராட்சி 2009இல் தெருப் பலகைகளில் குறியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜில் அப்படி எடுத்த முடிவை எதிர்ப்பு வந்ததும் 2014இல் திரும்பப் பெற்றார்கள். 2001இல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் இந்தக் குறியைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் தொடங்கி நடத்தி, 2019இல் முதுமையில் அதை மூடினார். அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம் 1890இல் தொடங்கிய காலம்தொட்டே ஊர்ப்பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்த்துவந்திருக்கிறது. மார்த்தா’ஸ் வின்யார்ட் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களுக்கே விலக்குத் தந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் விதியை அலட்சியம் செய்வார்கள் என்று சக ஆசிரியை ஒருவர் கவலைப்பட்டார். எனக்கு நேர்மாறான அனுபவம். பிறந்தது முதல் ஆங்கிலம் பேசுகிறவர்களே தடுமாறுகிற இடம் இது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் தோள் இறங்குகிறது, மூச்சு சீராகிறது. “அப்ப நாம கத்துக்கிட்டா அவங்களுக்கே சொல்லலாமுங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். சொல்லலாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இங்கிலாந்தின் பாடத்திட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய தேசியப் பாடத்திட்டத்தில் ஒருமை உடைமைக் குறி இரண்டாம் வகுப்பில் வருகிறது. பன்மை உடைமைக் குறி நான்காம் வகுப்பில்தான் வருகிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்கே நடுவில் இத்தனை அவகாசம் தருகிறார்கள். நாம் இரண்டையும் ஒரே பீரியடில் போர்டில் எழுதி, கையோடு பயிற்சியும் கொடுத்து, மறுநாள் டெஸ்ட் வைக்கிறோம். என் வகுப்பில் ஒருமையை ஒரு பருவம் முழுக்க ஓடவிட்டேன். பன்மையை அடுத்த பருவத்துக்குத் தள்ளினேன். பாடம் பின்தங்கும் என்று பயந்தார்கள், பின்தங்கவில்லை. ஒருமையில் கை திடப்பட்ட பிள்ளைக்குப் பன்மை சட்டென்று பிடிபட்டது.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது வெறும் மதிப்பெண் விவகாரம் இல்லை. வங்கிக் கணக்குப் படிவமோ உதவித்தொகை விண்ணப்பமோ, எதை எடுத்தாலும் “ஃபாதர்’ஸ் நேம்”, “மதர்’ஸ் நேம்” என்று அச்சிட்ட கட்டங்கள் இருக்கும். எங்கள் ஊரில் அந்தப் படிவங்களை வீட்டில் நிரப்புவது பல நேரம் பிள்ளைகள்தான். கறிவேப்பிலைத் தோட்டத்துக்கும் மில்லுக்கும் போய்வரும் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். ஆகவே என் வகுப்பில் இந்தப் பாடத்தின் வாசிப்புப் பகுதி ஒரு வெற்றுப் படிவம். அச்சிலுள்ள குறிகளை விரலால் தொட்டு வாசிக்கச் சொல்வேன். அம்மா பெயரை எழுதும் கட்டத்துக்கு மேலே நிற்கும் அந்தக் கீற்று, “இங்கே உன் அம்மா வருகிறார்” என்று சொல்கிறது என்பேன். தன் அம்மா பெயரை ஆங்கிலத்தில் நிமிர்ந்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேலிருந்த மிரட்சி பாதி போய்விடும்.

சக ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கட்டுரை நோட்டில் குறி இல்லாத இடத்தைப் பார்த்ததும் அரை மதிப்பெண்ணை வெட்டிவிடாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, உரியவர் யார், ஒருவரா பலரா என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் பென்சிலைக் கொடுத்து அவர்களையே குறியை வைக்கச் சொல்லுங்கள். சரியான இடத்தில் வைத்துவிட்டால் முழு மதிப்பெண்ணையும் கொடுங்கள்; அவர்கள் அதைச் சம்பாதித்துவிட்டார்கள்.